தெருக்குத்து வீட்டை யார் எடுத்துக்கொள்வது?

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். வந்ததும் நீங்கள் வரைந்த படங்களைச் சுவரில் மாட்டிக் காட்டினார்கள். எல்லாப் படத்திலும் ஒரு தெரு. எல்லாத் தெருவிலும் பலூன் பிடித்த ஒரு குழந்தை, சைக்கிளில் ஒரு ஆள், மாடியிலிருந்து கீழே பார்த்துச் சிரிக்கும் ஒரு பெண். அடியில் 'உயிர்ப்புள்ள தெரு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண் எதற்குச் சிரிக்கிறாள் என்று உங்களில் ஒருவரைக் கேட்டேன். "சும்மா, ஒரு ஃபீலுக்கு மேடம்" என்றார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு ரிட்டயர்மெண்ட் கொடுத்தார்கள், என் எரிச்சலுக்கு யாரும் கொடுக்கவில்லை. கொஞ்ச இடத்தில் நிறைய வீடுகளை எப்படி அடுக்குவது, படிக்கட்டு எவ்வளவு அகலம், காற்று எந்தப் பக்கம் வரும், இதெல்லாம் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை. ஆரணியில் நான் கட்டிய ஒரு தெருவைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் வேலூரில் ஒரு சின்ன அலுவலகத்தில் இருந்தேன். ஆரணிப் பட்டு நெசவாளர்கள் சிலரும் ஓரிரண்டு பள்ளிக்கூட ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு வீடு கட்டும் சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். ஊர் எல்லையில், ஏரிக்கரையை ஒட்டி, நீளமாக, அகலம் குறைவாக ஒரு நிலம். ஆளுக்கொரு மனையாகப் பிரித்தால் பாதிப் பேருக்குத்தான் வரும். அதனால் சுவரோடு சுவர் ஒட்டிய ஒடுக்கமான மாடி வீடுகள் என்று முடிவு செய்தேன். நிலத்தின் நடுவில் தெற்கு வடக்காக ஒரே தெரு. இரண்டு பக்கமும் ஒவ்வொரு வரிசை. கதவுகள் ஒன்றையொன்று பார்க்கும். அந்த ஊர்த் தறி தரையில் குழி தோண்டி இறக்குவது, மாடியில் போட முடியாது. எனவே தெருவை ஒட்டிய கீழ் அறையில் தறி, மேலே இரண்டு மாடியில் குடித்தனம்.

தெருவை வளைக்கவும் முடியாது. தறியில் ஏற்றும் முன்பு பாவு நூலை, அதாவது துணியின் நீளவாட்டு இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி இழையைச் சரி பார்ப்பார்கள். அதற்கு நேரான தெரு வேண்டும். நேரான தெரு, எதிரெதிர்க் கதவுகள், கீழே வேலை, மேலே வாழ்க்கை. நீங்கள் படத்தில் பலூன் வைத்துக் காட்டுவதெல்லாம் அங்கே தானாகவே நடந்திருக்கும்.

சங்கச் செயலாளர் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு விஷயம் மனதில் விழுந்துவிட்டால் அதைப் பிடுங்க ஜேசிபி வேண்டும்.

"மேடம், பாதி வூடு மேற்கால பாத்துகினு கீதே?"

"ஆமாம். தெருவுக்கு இரண்டு பக்கமும் வீடு என்றால் ஒரு பக்கம் கிழக்கு, ஒரு பக்கம் மேற்குதானே பார்க்கும்?"

"மேற்கு வாசல்ல எவன் குந்துவான்? எல்லாத்தையும் கெழக்கால திருப்பிடுங்க. ஜல்தியா வேலைய ஆரம்பிக்கலாம்."

திருப்புவதற்கு அதென்ன நாற்காலியா? அது வாஸ்து வெறி பிடித்திருந்த காலம். போளூரிலிருந்து ஒரு வாஸ்துக்காரரை வேறு அழைத்து வந்து உட்கார வைத்திருந்தார். அவர் காம்பஸை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எல்லா வாசலும் கிழக்கு என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு பொறுமையாகச் சொன்னேன். கிழக்கு வரிசையைத் திருப்பினால் அதற்கு முன்னால் இன்னொரு தெரு விட வேண்டும். நிலத்தில் அவ்வளவு அகலம் இல்லை. அந்த வரிசையே போய்விடும். மிச்சமுள்ள வரிசைக்காரர்கள் காலையில் கதவைத் திறந்தால் எதிரே ஒரு மதில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"போனா போவட்டும். கடைசியா சேந்தவங்களுக்கு அப்பால எங்கனா பாத்துக்கலாம்" என்றார் செயலாளர்.

கடைசியாகச் சேர்ந்தவர்கள் யார் யார் என்று கேட்டேன். பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு பெயரில் நின்றுவிட்டார். அது அவருடைய மச்சான். அடுத்த கூட்டத்தில் அதே போளூர்க்காரர், நெசவுத் தொழிலுக்கு மேற்கு வாசல் தோஷமில்லை, சொல்லப்போனால் விசேஷம் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. உங்களுக்கும் சொல்கிறேன், நமக்கு வேண்டியது நடக்கும்போது காரணத்தைக் கிண்டிக்கொண்டிருக்காதீர்கள்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வீடு. தெருவின் வடக்குக் கோடியில், ஏரிக்கரைக்கு முன்னால், தெருவை மூடினாற்போல் ஒரு வீடு போட்டிருந்தேன். தெரு நேராக ஓடி வந்து அதன் வாசலில் முட்டும். உங்களில் நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒருவேளை தெரியாமலிருக்கலாம், அதற்குப் பெயர் தெருக்குத்து. அந்த வேகமெல்லாம் வீட்டைத் தாக்கும், குடியிருப்பவர்களுக்கு நோய் நொடி வரும், விளங்காது என்பார்கள். போதாததற்குத் தெற்கு வாசல். அந்த வீட்டை ஒருவரும் தொடவில்லை. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றார்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடலாம் என்றார் செயலாளர். விட்டால் ஒரு குடும்பம் வெளியே போக வேண்டும். எல்லோருக்கும் கடைசியாகச் சேர்ந்தவர் எஸ்தர் டீச்சர்.

டீச்சர் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கணவர் சாமுவேல் பட்டு நெசவு. ஒரே மகள். வாடகை வீட்டில் தறிக்குழி தோண்ட ஒவ்வொரு வீட்டுக்காரனிடமும் கெஞ்சி, ஒவ்வொரு முறையும் காலி செய்யும்போது குழியை மூடிவிட்டுப் போகிற பிழைப்பு. சொந்தமாக ஒரு குழி வேண்டும் என்பதற்காகத்தான் சங்கத்தில் சேர்ந்ததாக என்னிடம் சொல்லியிருந்தார்.

கூட்டத்தில் பின்னால் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார்.

"அந்த வூட்ட எனக்கே குடுத்துடுங்க."

"டீச்சர், அது தெருக்குத்துங்க. யோசிச்சி சொல்லுங்க."

"தெரு வந்து குத்துமா? தெருவுக்கு இன்னா கையா கீது? எங்களுக்கு அதெல்லாம் கெடையாது. எழுதிக்கோங்க."

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. ஒரு பெண்மணி தைரியமாக எழுந்ததில் திட்டமே பிழைத்தது. ஒருவரும் வெளியே போகவில்லை.

கட்டி முடித்தோம். எல்லோரும் ஒன்றாகப் பால் காய்ச்சக் குறித்திருந்த நாளுக்கு முன்தினம், வெள்ளையடித்ததைப் பார்க்கப் போனேன். எஸ்தர் டீச்சர் வீட்டு வாசலுக்கு நேரே செங்கல் அடுக்கியிருந்தது. கொத்தனார் நூல் கட்டிக்கொண்டிருந்தார். ஆள் உயரச் சுவராம், தெருவின் குத்து வீட்டில் படாமல் மறைக்க. டீச்சர் கதவைத் திறந்தால் சுவர்தான் தெரியும். தெரு சுவரில் முடியும். இத்தனை வருட உழைப்பும் அந்தச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

"தெருக்குத்தெல்லாம் கிடையாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு என்ன?" என்று செயலாளரிடம் கத்தினேன்.

"அவங்களுக்கு மட்டுமா மேடம்? நாளைக்கி அந்த வூட்ல ஒண்ணு ஆச்சின்னா தெருவுக்கே கெட்ட பேரு. அப்பால எங்க பொண்ணுக்கு எவன் சம்பந்தம் பேச வருவான்? செவுரு வேணாம்னா அவங்க செவுத்துல ஒரு மாடம் வெச்சி புள்ளையார வெக்கணும்."

டீச்சர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "புள்ளையாரு தெருவுல குந்தட்டும், அது உங்க இஷ்டம். என் செவுத்துல வேணாம். என் கதவுக்கு எதுர்ல செவுரும் வேணாம்."

வாக்குவாதம் ஏறிக்கொண்டே போனது. கொத்தனார் கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரி நேரத்தில் புத்தகத்தில் படித்தது ஒன்றும் ஞாபகம் வராது, தெரிந்துகொள்ளுங்கள். நான் ஒரு பொய் சொன்னேன். தெருக்கோடியில் ஃபயர் சர்வீஸ் வண்டி திரும்ப இடம் இல்லையென்றால் அனுமதியையே ரத்து செய்துவிடுவார்கள் என்றேன். உண்மையில் அந்த வண்டி அந்தத் தெருவுக்குள் நுழையவே நுழையாது. ஆனால் செயலாளர் நம்பினார். அந்தச் செங்கல்லை வைத்தே, டீச்சர் வாசலிலிருந்து கொஞ்சம் தள்ளி, முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை போடச் சொன்னேன்; அவ்வளவு தாழ்வாக இருந்தால் ஆட்சேபம் இல்லை என்று இன்னொரு பொய். அதில் ஒரு சின்னப் பிள்ளையார், தெருவைப் பார்த்து. இரண்டு பக்கமும் நடக்க வழி. சுற்றிலும் ஆள் உட்காரக் கொஞ்சம் அகலம். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வேலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு என்னை நினைத்தே பெருமை தாங்கவில்லை.

அந்தத் தெரு நன்றாகவே வாழ்ந்தது. காலையில் பாவு நீட்டுவார்கள், இழை அறுந்தால் நாலு வீட்டிலிருந்து ஆள் வரும். சாயங்காலம் அந்த மேடையில் இடம் பிடிக்கச் சண்டை. ஜரிகை விலை, எலெக்‌ஷன், யார் வீட்டில் என்ன குழம்பு, எல்லாம் அங்கேதான். நான் வாடிக்கையாளர்களையும் மாணவர்களையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். சென்னையிலிருந்து வந்த ஒரு ஆர்க்கிடெக்ட், கோடியில் நிற்கும் டீச்சர் வீட்டைக் காட்டி, "இருக்கறதுலயே பெஸ்ட் லொகேஷன் இதுதான், இங்கிருந்து முழுத் தெருவும் தெரியும்" என்றார். தெருவுக்கும் அந்த வீடு தெரியும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

எனக்கு ஒரே ஒரு குறை. இரண்டாயிரத்துக்குப் பிறகு எப்போது போனாலும் டீச்சர் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. தெருவே கதவைத் திறந்து போட்டிருக்க, கோடியில் ஒரு கதவு மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. வந்தவர்கள் போட்டோ எடுக்கும்போது கண்ணை உறுத்தும். ஒரு முறை பொறுக்க முடியாமல், மாணவர்களை மேடையருகே நிற்க வைத்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நின்றது. டீச்சர் ஒரு விரல் அளவு திறந்து, நான் என்று தெரிந்ததும் என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

தறிக்குப் பக்கத்தில் கட்டிலில் சாமுவேல் படுத்திருந்தார். வலது காலில் தொடைவரை மாவுக்கட்டு. தறியில் பாவே இல்லை. வெறும் தறி.

"அப்போ சத்தம்?" என்றேன்.

"நான்தான் மேடம். ஸ்கூல் வுட்டு வந்து வெறும் பலகைய அடிச்சிகினு உக்காந்திருக்கேன். சத்தம் நின்னா இன்னா ஏதுன்னு கேப்பாங்க."

பெரணமல்லூர் ரோட்டில் மொபெட்டிலிருந்து விழுந்திருக்கிறார். தெருவே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த பகலில் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார் டீச்சர். வெளியே வரவில்லையே என்று கேட்டவர்களிடம் ஆர்டர் அதிகம், குழியை விட்டு எழுந்திருக்க நேரமில்லை என்று சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் டீச்சருக்கே கர்ப்பப்பை எடுத்தார்கள். வேலூரில் டிரெய்னிங் என்று சொல்லிவிட்டுப் போய், வயிற்றைப் பிடித்துக்கொள்ளாமல் தெருவில் நேராக நடந்து வந்திருக்கிறார்.

"ஏன் டீச்சர் இதெல்லாம்?" எனக்குக் கோபம்தான் வந்தது.

"தெனமும் அந்த மேடையில குந்திகினு எல்லாரும் எங்க வூட்டயே பாக்கறாங்க மேடம். செயலாளரு டெய்லி கேப்பாரு, எப்பிடி கீறீங்க டீச்சர்னு. பாசமாத்தான் கேக்கறாரு. எனக்கின்னா, கல்லு மாதிரி கீறேன்னு சொல்லுவேன். ஒரு வாட்டி தலைவலின்னு சொன்னேன். அன்னிக்கே புள்ளையாருக்கு அபிஷேகம் பண்ணிட்டாங்க. கால் ஒடிஞ்சதுன்னு சொன்னா? தெரு குத்திடுச்சி பாத்தியான்னுவாங்க. ஒண்ணும் ஆவாதுன்னு எழுந்து நின்னு சொன்னவ நான். ஒண்ணும் ஆவாம இருந்து காட்ட வேணாமா? பேஜாரு மேடம்."

மேடையை இடித்துவிடலாமா என்றேன். எதற்கு இடிக்கிறீர்கள் என்று கேட்பார்களே என்றார். வாசல் நிலையைக் கொஞ்சம் இடம் மாற்றி, ஒரு தடுப்பு வைத்து, என்று நான் ஆரம்பிக்கும்போதே தலையை ஆட்டினார். எதைச் செய்தாலும் காரணம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத காரணம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

வெளியே செயலாளர் குரல் கேட்டது. "மேடம், உள்ள கீறீங்களா? டீச்சர் வூட்ல எல்லாம் சௌக்கியந்தானே?"

"எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள்" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் தறிச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. மாணவர் ஒருவர் அந்தச் சத்தத்தை டேப்பில் பதிவு செய்துகொண்டிருந்தார்.

ஆள் நடமாட்டமும் நாலு பேர் பார்வையும் இருந்தால் தெரு பத்திரமாக இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சரிதான். ஆனால் அத்தனை பார்வையும் போய் முடிகிற இடத்தில் ஒரு குடும்பம் இருந்தால், அவர்களுக்குக் காய்ச்சல் வருவதற்குக்கூட இடம் வேண்டும். அதை எந்த அளவில் வரைவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

சில வருடங்கள் கழித்து டீச்சர் ரிட்டயர் ஆனார். மகள் போளூரில் இருந்தாள், அங்கே போவதாக முடிவு. விழுந்ததற்கு அப்புறம் சாமுவேலின் கால் குழித்தறியில் உட்காரும் அளவுக்குச் சரியாக மடங்கவேயில்லை. வீட்டை விற்கும்போது கூட இருக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். தெருக்குத்து வீட்டை எவன் வாங்குவான் என்ற கவலையோடுதான் போனேன்.

போய்ப் பார்த்தால் மேடையைச் சுற்றிக் கூட்டம். அந்த வீட்டுக்கு அடிதடி. எல்லோரையும்விட முன்னால் நின்றவர் செயலாளர்.

"எம் பொண்ணுக்குத்தான் மேடம் கேக்கறேன். டீச்சர் வந்த நாளா ஒரு ஊசி போட்டுகினதில்ல, ஒரு மாத்திரை முழுங்கினதில்ல. இந்தத் தெருவுலயே ராசியான வூடு அதான்."

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் முகம் சிவந்துகொண்டே வந்தது. இத்தனை வருடம் அப்படியொன்று கிடையாது என்று நிரூபிக்கத்தான் அந்த அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். இவர்கள் தோஷத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் ராசியை வைத்துவிட்டார்கள்.

"ராசியா?" என்றார். "எனக்கு வயித்த கிழிச்சி ஆப்பரேஷன் பண்ணாங்க. அவருக்கு கால் ஒடிஞ்சி மூணு மாசம் இந்தக் கதவுக்குப் பின்னாலதான் கெடந்தாரு. எம் பொண்ணுக்கு ரெண்டு வாட்டி கரு தங்கல. ஊர்ல எல்லாருக்கும் வர்றதுதான் எங்களுக்கும் வந்துது. தெருவும் குத்தல, ராசியும் கெடையாது. வூடு வெறும் வூடுங்க!"

செயலாளர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "இவ்ளோ வந்தும் தாங்கிகினு நல்லா கீறீங்களே டீச்சர், அதான் ராசி" என்றார்.

எனக்கு அந்த மேடையிலேயே முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு நான் என்னத்தை வரைந்து என்ன?

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சரோஜா வந்தாள். டீச்சர் வீட்டை ஒட்டிய முதல் வீட்டுக்காரி, அவளும் தறி நெய்கிறவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். நேராக டீச்சர் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணனுக்கு கால் ஒடிஞ்சது எனக்குத் தெரியும்."

டீச்சர் திகைத்துப் போய்ப் பார்த்தார்.

"பொறந்ததுலேந்து தறியாண்ட கெடக்கறேன் டீச்சர். பாவு இல்லாத வெறும் பலகை சத்தம் எனக்குத் தெரியாதா? மூணு மாசம் செவுத்துக்கு இந்தாண்ட உக்காந்து கேட்டுகினு இருந்தேன். நீங்களா ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லியிருந்தா ரெண்டு வேளை சோறு ஆக்கி குடுத்திருக்க மாட்டேனா? அண்ணன தூக்கி உக்கார வைக்க எங்க வூட்டுக்காரரு வந்திருக்க மாட்டாரா? உங்களுக்கு இஷ்டமில்லாதத கேக்கக் கூடாதுன்னு வாய மூடிகினு இருந்தேன்."

நான் எதிரெதிராகக் கதவு வைத்தேன், உட்கார மேடை வைத்தேன், ஊரெல்லாம் கூட்டி வந்து காட்டினேன். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி கேட்டுக்கொண்டும், இந்தப் பக்கம் ஒருத்தி அடித்துக்கொண்டும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

டீச்சர் மேடையின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். அத்தனை வருடத்தில் அவர் அந்த மேடையில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன். சரோஜா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபம் போகாமல் கேட்டாள்.

"இப்பவாவது சொல்லுங்க. எப்பிடி கீறீங்க?"

டீச்சர் இரண்டு கைகளாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"தல வலிக்குது சரோஜா" என்றார். "ரொம்ப வலிக்குது."